"திருஷ்யம்" பார்க்கத் தகுந்ததா?

(ஒரு படிப்பகத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் பேசியது)



இன்று நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் கொஞ்சம் விசித்திரமானது. இம்மாதிரிக் கூட்டங்களுக்கு நம்மை அழைப்பவர்கள் கடவுள், ஜாதி, சடங்கு, ஜோசியம் ஆகியவைகளில் ஏதாவதொன்றைப் பற்றிப் பேசச் சொல்லுவதுதான் வழக்கம். இப்படிப்பகத்து இளைஞர்களோ, "திருஷ்யம் என்கிற இந்திக் கொலைக்கதைப் படம் பார்க்கத் தகுந்ததா? பகுத்தறிவுக்காரர்களுக்கு அதில் ஏதாவது சங்கதி உண்டா? அதைப் பற்றியே பேசுங்கள்" என்று கேட்டார்கள். சினிமாவைப் பற்றி நமக்கு அதிகம் தெரியாது. பாட்டு, படப்பிடிப்பு, நடிப்பு முதலியவற்றில் தீர்ப்புச் சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் கேட்டவர்களுக்கு ஏதோ ஒன்றைச் சொல்லி மழுப்பக் கூடாதல்லவா? ஆகவே இதற்கென்றே அப்படத்தை இரண்டு தடவை பார்த்தோம். பார்த்ததில் நமக்குப் பட்டதைச் சொல்லுகிறோம். உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் எடுத்துக் கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இங்கேயே உதறிவிட்டுப் போங்கள்.

முதலில் ஒரு ஆட்சேபணையைத் தீர்த்துவிட வேண்டியிருக்கிறது. "இந்தியை எதிர்க்கிற நீங்கள் இந்திப் படத்தைப் பார்க்கலாமா?" என்று வருகிற வழியிலேயே ஒரு தோழர் கேட்டார். 1938லும் 1965லும் நம் நாட்டார் எதிர்த்தது இந்தியைத் தலையில் கட்டுவதையே ஒழிய, ஒருவன் இந்தியில் பேசுவதையோ, பாடுவதையோ, படம் எடுப்பதையோ அல்ல. பிடிக்காதவன் வாயில் சோற்றைத் திணிப்பதை எதிர்க்கிறவன், பசித்தவன் விரும்பிச் சாப்பிடுவதை எதிர்க்கிறான் என்று அர்த்தமாகுமா? தவிரவும் இந்தக் கதை இந்திக்காரர்களுடைய சொந்தச் சரக்குமல்ல. 2013 டிசம்பரில் மலையாளத்தில் ஜீத்து ஜோசப் என்பவர் எழுதி எடுத்த படம் இது. 2014ல் கன்னடத்துக்கும் தெலுங்குக்கும் போயிற்று. 2015 ஜூலை 3ந் தேதி "பாபநாசம்" என்ற பெயரில் தமிழில் வந்தது. அதே மாதம் 31ந் தேதிதான் இந்தியில் வந்தது. ஆகவே இந்த விஷயத்தில் இந்தியானது தென்னாட்டாரிடம் கடன் வாங்கியிருக்கிறதே தவிர, கடன் கொடுக்கவில்லை. நிற்க.

கதை என்ன?

கோவாவில் ஒரு சிற்றூர். அங்கே விஜய் என்று ஒருவன் கேபிள் டி.வி. தொழில் நடத்துகிறான். தாய் தகப்பனில்லாமல் வளர்ந்தவன். நாலாம் வகுப்பில் தேறாதவன். மனைவியும் இரண்டு பெண் மக்களும் உண்டு. இராத்திரியெல்லாம் தன் ஆபீசில் உட்கார்ந்து சினிமாப் பார்ப்பதே அவனுக்குப் பொழுதுபோக்கு. மூத்த பெண் பள்ளியிலிருந்து ஒரு முகாமுக்குப் போகிறாள். அங்கே அவள் குளிப்பதை ஒரு பையன் செல்போனில் திருட்டுத்தனமாய்ப் படம் பிடித்துக்கொண்டு வந்து, தன் இஷ்டத்துக்கு இணங்காவிட்டால் ஊரெல்லாம் காட்டிவிடுவேன் என்று மிரட்டுகிறான். தாய் கெஞ்சுகிறாள். "அப்படியானால் நீ வா" என்கிறான் தாயிடம். செல்போனை உடைக்கப் பெண் ஓங்கிய அடி அவன் தலையில் விழுந்து அவன் செத்துப் போகிறான். தாயும் மகளும் பயந்து பிணத்தை வீட்டுக் கொல்லையில் எருக்குழியில் புதைத்துவிடுகிறார்கள். செத்தவனோ, அம்மாகாணத்துப் போலீஸ் ஐ.ஜி.யாயிருக்கும் அம்மாளின் ஒரே மகன். விடிந்து சங்கதி அறிந்த தகப்பன், தன் குடும்பத்தைக் காப்பாற்றச் செய்கிற தந்திரங்களும், அவைகளைப் போலீசார் உடைக்கப் பார்ப்பதுமே மீதிக் கதை.

முடிவு என்ன என்பதை நாம் சொல்லப் போவதில்லை. பார்க்காதவர்களுடைய சந்தோஷத்தைக் கெடுப்பது நமது உத்தேசமல்ல. அஜய் தேவ்கன் தகப்பனாகவும், தபு அந்தப் போலீஸ் அம்மாளாகவும் நடித்திருக்கிறார்கள். 2020ல் காலமான நிஷிகாந்த் காமத் டைரக்டு செய்தது. இரண்டே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடுகிறது. முதல் பாதியில் சிறிது பொறுமை வேண்டும். அதற்குப் பிறகு எழுந்திருக்க மனம் வராது. வேடிக்கைக்காக மட்டும் பார்க்கிறவர்களுக்கு இவ்வளவு போதும், தாராளமாய்ப் பார்க்கலாம். ஆனால் நாம் வந்தது அதைச் சொல்ல அல்ல.

பொய் சொல்லாத பொய்ச் சாட்சிகள்

இந்தப் படத்தில் நம்மை எழுந்து உட்கார வைத்த சங்கதி ஒன்று உண்டு. போலீசார் விசாரிக்கும்போது, விஜய், "அக்டோபர் 2, 3 தேதிகளில் நாங்கள் ஊரிலேயே இல்லை. பணஜியில் ஒரு சாமியாருடைய சத்சங்கத்துக்குப் போயிருந்தோம், ஓட்டலில் தங்கினோம், சினிமாப் பார்த்தோம், சாப்பிட்டோம், பஸ்ஸில் திரும்பினோம்" என்கிறான். பஸ் கண்டக்டரைக் கேட்டால், ஆமாம் என்கிறார். ஓட்டல்காரரைக் கேட்டால், ஆமாம் என்கிறார். சினிமாக் கொட்டகையில் படம் ஓட்டுகிறவரும் ஆமாம் என்கிறார். இவர்களில் ஒருவரும் காசு வாங்கினவரல்ல. ஒருவரும் விஜய்க்குச் சொந்தக்காரருமல்ல. எல்லாரும் யோக்கியர்கள். எல்லாரும் மனமறிந்து உண்மையே சொல்லுகிறார்கள். ஆனால் சொல்லுவது அத்தனையும் பொய்!

எப்படி? குடும்பத்தார் பணஜிக்குப் போனது உண்மை. ஓட்டலில் தங்கினது உண்மை. சினிமாப் பார்த்ததும் உண்மை. தேதி ஒன்றுதான் பொய். உண்மையில் அவர்கள் போனது காரியம் நடந்ததற்குப் பின்னால். பிறகு விஜய் அந்தக் கண்டக்டரையும் ஓட்டல்காரரையும் மறுபடியும் தற்செயலாய்ச் சந்திப்பது போல் சந்தித்து, பேச்சோடு பேச்சாக, "இரண்டாம் தேதி வந்தோமே" என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டு வருகிறான். அவர்களுக்கு முகம் ஞாபகமிருக்கிறது, பேசினது ஞாபகமிருக்கிறது, தேதி ஞாபகமில்லை. ஞாபகத்திலிருந்த அந்த ஓட்டையில் அவன் தேதியைச் செருகிவிட்டான். பிறகு அந்தத் தேதி அவர்களுடைய சொந்தச் சரக்காகவே ஆகிவிட்டது. வேண்டுமென்று பொய் சொல்லுகிறவனை அதட்டினால் உளறுவான். குறுக்குக் கேள்வியில் மாட்டுவான். பொய்யை மெய்யென்று நம்புகிறவனை என்ன செய்ய முடியும்?

இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. செத்தவனுடைய மஞ்சள் நிறக் காரை விஜய் ஓட்டிக்கொண்டு போனதை மெய்யாகவே பார்த்தவன் ஒருவன் உண்டு. அவன் ஒரு போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர். ஆனால் அவன் லஞ்சம் வாங்குகிறவன், ஏழைகளை அடிக்கிறவன், விஜயோடு பகையுள்ளவன். ஆகவே ஊரார் அவன் பேச்சை நம்பவில்லை. அயோக்கியன் சொன்ன மெய் விலை போகவில்லை. யோக்கியர்கள் சொன்ன பொய் விலை போயிற்று. "இவர் நல்லவர், இவர் ஏன் பொய் சொல்லப் போகிறார்?" என்று நம் ஜனங்கள் கேட்கிறார்களே, அந்தக் கேள்விக்கு இதைவிடச் சரியான பதில் வேறென்ன வேண்டும்? நல்லவர் பொய் சொல்லமாட்டார் என்பது சரி. நல்லவருடைய ஞாபகம் பொய் சொல்லாது என்பதற்கு யார் ஜாமீன்?

இது சினிமாக்காரன் கற்பனை என்று தள்ளிவிடாதீர்கள். அமெரிக்காவில் எலிசபெத் லாப்டஸ் என்ற மனோதத்துவ அம்மையாரும் ஜான் பால்மர் என்பவரும் 1974ல் ஒரு சோதனை செய்தார்கள். 150 மாணவர்களுக்கு மோட்டார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டினார்கள். பிறகு 50 பேரிடம், "கார்கள் மோதி நொறுங்கியபோது என்ன வேகத்தில் போயின?" என்று கேட்டார்கள். வேறு 50 பேரிடம், "இடித்தபோது என்ன வேகம்?" என்று கேட்டார்கள். மீதி 50 பேரிடம் வேகத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஒரு வாரம் கழித்து, "உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?" என்று எல்லோரையும் கேட்டார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. ஆனால் 'நொறுங்கியது' என்ற வார்த்தையைக் கேட்டவர்களில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள். 'இடித்தது' என்று கேட்டவர்களில் 7 பேர். ஒன்றும் கேட்கப்படாதவர்களில் 6 பேர். ஒரே ஒரு வார்த்தை, இல்லாத கண்ணாடியைப் பலர் கண்ணுக்குள் உடைத்துவிட்டது!

இதனுடைய விபரீதம் கோர்ட்டிலே தெரியும். அதே அமெரிக்காவில், ஜெயிலில் பல வருஷம் கிடந்தபின் டி.என்.ஏ. சோதனையினால் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானவர்களின் வழக்குகளைப் பார்த்தால், மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவைகளில், "இவன்தான், என் கண்ணாலே பார்த்தேன்" என்று யாரோ ஒருவர் தவறாக அடையாளம் காட்டியிருக்கிறார். அவர்களில் பெரும்பாலோர் துவேஷத்தினால் சொன்னவர்களல்ல. அந்தக் கண்டக்டரைப் போன்ற யோக்கியர்களே.

நமது யோக்கியதை

பிறரைச் சொல்லிவிட்டு நம்மை விட்டுவிடுவது நியாயமல்ல. நாம் சிறு பையனாயிருந்த காலத்தில், நமது ஊரில் தோழர்கள் சிலர் தீ மிதிப்பதில் தெய்வ சக்தி ஒன்றுமில்லை என்று காட்டுவதற்காக, விரதமில்லாமல், மஞ்சள் துணியில்லாமல், கடவுள் பெயரைச் சொல்லாமல் தீக்குழியில் இறங்கி நடந்து காட்டினார்கள். அதை நாம் எத்தனையோ மேடைகளில், "எங்கள் கண்ணாலே பார்த்தோம்; முன் வரிசையில் நின்றோம்; அனல் முகத்தில் அடித்தது" என்று பேசியிருக்கிறோம். சில வருஷங்களுக்கு முன் அப்படிப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தபோது, நமது தமக்கையார் சிரித்துக்கொண்டே, "ஏண்டா தம்பி, அன்றைக்கு நீ ஊரிலேயே இல்லையே! அம்மை போட்டு, அத்தை வீட்டில் அல்லவா கிடந்தாய்! அப்பா வந்து சொன்னதைத்தானே கேட்டாய்?" என்றார்கள். நமக்குக் கோபம் வந்தது. சாதித்துப் பார்த்தோம். அத்தையாரைக் கேட்டோம். தமக்கையார் சொன்னதே சரி!

தோழர்களே, நாம் ஒரு தடவையும் வேண்டுமென்று பொய் சொன்னதில்லை. ஆனால் பல வருஷம் மேடையேறிப் பொய்ச் சாட்சி சொல்லியிருக்கிறோம்! தகப்பனார் சொன்னதையே திரும்பத் திரும்ப நினைத்து, நாமே அங்கு நின்றதாக ஆக்கிக் கொண்டோம். தீ மிதித்தது நடந்தது உண்மை; அதில் தெய்வம் இல்லை என்பதும் உண்மை; நாம் பார்த்தோம் என்பது மாத்திரம் பொய். அன்று முதல், "கேள்விப்பட்டோம்" என்றே சொல்லி வருகிறோம். பகுத்தறிவுப் பிரசாரம் செய்கிறவனுக்கே இந்தக் கதியென்றால், திருவிழாக் கூட்டத்தில் பக்திப் பரவசத்தில் நிற்கிற பாமரனுக்குச் சொல்ல வேண்டுமா?

1995 செப்டம்பர் 21ந் தேதி பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று இந்தியா முழுவதும் ஜனங்கள் செம்பும் கரண்டியுமாய் ஓடினார்கள். படித்தவர்கள், உத்தியோகஸ்தர்கள் எல்லாரும், "கண்ணாலே கண்டேன்" என்றார்கள். விஞ்ஞானிகள் பாலில் நிறத்தைக் கலந்து ஊட்டிப் பார்த்தார்கள். நீர்ப்பொருளின் மேற்பரப்பு இழுவிசையினால் பால் கரண்டியிலிருந்து சிலைக்கு இழுக்கப்பட்டு, மெல்லிய ஏடாகச் சிலைமேல் வழிந்து கீழே போவது தெரிந்தது. பால் குறைந்ததைக் கண்டது உண்மை. குடித்ததைக் கண்டது பொய். பாக்கியைக் காதில் விழுந்த வதந்தி பூர்த்தி செய்துவிட்டது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் கிழவிகள் சொல்லும் பழமொழிக்கு, இந்தப் படத்தைப் போல் பொழிப்புரை எழுதியவர்கள் குறைவு. திருஷ்யம் என்றால் காட்சி என்றுதானே அர்த்தம்! இந்த ஒரு காரணத்துக்காகவே இப்படம் பார்க்கத் தகுந்தது என்பது நமது அபிப்பிராயம்.

கைதட்டல் எதற்கு?

ஆனால் தோழர்களே, பார்க்கத் தகுந்தது வேறு. பார்த்துவிட்டுக் கைதட்டத் தகுந்தது வேறு. இதில் நாம் சிலவற்றைக் கண்டிக்க வேண்டியிருக்கிறது.

நாலாம் வகுப்புத் தேறாத ஒருவன், ஐ.பி.எஸ். படித்த அதிகாரியைத் திணற அடிப்பதைப் பார்த்து ஜனங்கள் கைதட்டுகிறார்கள். நமக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. நாமும் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவனல்ல. படிப்பகத்துப் பெஞ்சியில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்துத் தேறியவன்தான். படிக்காதவனுக்கும் மூளை உண்டு என்று காட்டினால் நமக்கு ஏன் சந்தோஷமிராது? ஆனால் அவ்வளவு மூளையும் எதற்குச் செலவாயிற்று என்று பார்க்க வேண்டாமா?

மற்றொன்று, போலீசாரின் விசாரணை. செத்தவனைப் பெற்ற தாயே விசாரணை அதிகாரியாக உட்காருகிறாள். தன் வழக்குக்குத் தானே நீதிபதி! உலகத்தில் எந்த நியாயம் இதை ஒப்புக்கொள்ளும்? பிறகு குடும்பத்தார் அனைவரையும் அடைத்துவைத்து அடிக்கிறார்கள். சின்னப் பெண் குழந்தையைக்கூட விடவில்லை. அந்தக் காட்சியில் கொட்டகையே கொதிக்கும், கொதிக்க வேண்டியதுதான். ஆனால் அந்தக் கொதிப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடக் கூடாது. பெண்களையும் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் விசாரணை என்று ஸ்டேஷனுக்கு வரச்சொல்லக் கூடாது, அவர்கள் இருக்குமிடத்துக்குப் போய்த்தான் கேட்க வேண்டும் என்று 1973ஆம் வருஷத்துக் குற்ற நடைமுறைச் சட்டத்திலேயே இருந்தது. கைது செய்வதற்கு என்னென்ன நிபந்தனைகள் என்று சுப்ரீம் கோர்ட் 1996ல் வரிசையாய் எழுதி வைத்தது. போலீசாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது என்று 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் சொல்லிற்று. 2024 ஜூலை 1ந் தேதி முதல் அந்தச் சட்டங்கள் போய்ப் புதிய சட்டங்கள் வந்திருந்தாலும் இந்த விதி போகவில்லை. காரணம் என்ன? அடித்தால் ஒருவன் எதை வேண்டுமானாலும் ஒப்புக்கொள்வான் என்பதுதான். ஒரு வார்த்தையே இல்லாத கண்ணாடியை உடைக்குமானால், ஒரு தடி எதைத்தான் உண்டாக்காது? "அந்த இன்ஸ்பெக்டர் அடித்தது தப்பு, ஏனென்றால் அடிபட்டது நல்ல குடும்பம்" என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவன் படத்தைப் பார்த்தும் பாராதவனே. அடிபட்டவன் கெட்டவனாயிருந்தாலும் அது தப்புத்தான்.

மானம் யாருடையது?

எல்லாவற்றிலும் பெரிய ஆட்சேபணை ஒன்று இருக்கிறது. இந்தக் கதை எங்கே ஆரம்பிக்கிறது? பிணத்திலா? இல்லை. "வெளியே தெரிந்தால் மானம் போய்விடும்" என்கிற பயத்தில் ஆரம்பிக்கிறது. யாருடைய மானம்? குளித்தவளுடைய மானமா, ஒளிந்திருந்து படம் பிடித்தவனுடைய மானமா? ஒரு வீட்டில் திருட்டுப் போனால் திருடினவன் வெட்கப்பட வேண்டுமா, பறிகொடுத்தவன் வெட்கப்பட வேண்டுமா? பெண் விஷயத்தில் மட்டும் பறிகொடுத்தவளே தலை குனிய வேண்டும் என்று யார் ஏற்படுத்தினார்கள்? கற்பு என்று ஒரு பூட்டைச் செய்து, அதைப் பெண்ணுக்கு மாத்திரம் மாட்டி, சாவியை உலகத்தார் நாக்கில் தொங்கவிட்டவர்கள் ஏற்படுத்தினது அது.

அந்தப் பையன் செல்போனைக் காட்டியபோது, அந்தத் தாய் கெஞ்சாமல், "போய்க் காட்டு! நீதான் ஜெயிலுக்குப் போவாய்! என் மகளுக்கு இதில் ஒரு குறைவுமில்லை" என்று சொல்லியிருந்தால் கதையே இல்லை, கொலையும் இல்லை. அவள் ஏன் சொல்லவில்லை? சொல்ல அவளுக்கு யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. சட்டமோ அவள் பக்கந்தான் இருந்தது. பெண்ணின் அந்தரங்கத்தை ஒளிந்து படம் பிடிப்பது சிறைத் தண்டனைக்குரிய குற்றமென்று 2013லேயே தண்டனைச் சட்டத்தில் சேர்த்தாயிற்று. குழந்தைகள் சம்பந்தமாக 2012ல் வந்த போக்சோ சட்டம், அந்தக் குழந்தை இன்னாரென்று பத்திரிகைகள் வெளியிடக் கூடாது என்றும், எக்காரணம் கொண்டும் இரவில் குழந்தையைப் போலீஸ் ஸ்டேஷனில் வைக்கக் கூடாது என்றும் சொல்லுகிறது. கற்பழிக்க வருகிறவனிடமிருந்து தற்காத்துக்கொள்ள அடித்து, அவன் செத்தே போனாலும் அது குற்றமல்ல என்று 1860ஆம் வருஷத்துத் தண்டனைச் சட்டம் 100வது பிரிவே சொல்லிற்று. புதிய சட்டத்திலும் அது அப்படியே இருக்கிறது. ஆனால் எதிரி ஐ.ஜி.யின் மகனாயிருக்கும்போது சட்டம் செல்லுமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த அவநம்பிக்கையைச் சர்க்கார் வெட்கத்தோடு கேட்டுக்கொள்ள வேண்டும். இருந்தாலும், அவநம்பிக்கைக்கு முன்னாலேயே மானபயம் வந்து அவர்கள் வாயை அடைத்துவிட்டது என்பதைத்தான் நாம் எடுத்துக் காட்டுகிறோம்.

இதை நாம் சும்மா சொல்லவில்லை. கொஞ்ச காலத்துக்கு முன் ஒரு தாய் தம் மகளை அழைத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார்கள். ஊர், பேர் வேண்டாம். காலேஜில் படிக்கும் பெண். ஒருவன் அவளுடைய படத்தை வைத்துக்கொண்டு நாலு மாதமாய்ப் பணம் கேட்டு மிரட்டியிருக்கிறான். காதிலிருந்த தோட்டை விற்றுக் கொடுத்திருக்கிறாள். "ஏனம்மா, நாலு மாதமாய் வீட்டில் சொல்லவில்லை?" என்று நமது துணைவியார் கேட்டார்கள். அந்தப் பெண் சொன்னதைக் கேளுங்கள்: "அப்பாவுக்குத் தெரிந்தால், திருஷ்யம் படத்தில் வருகிற மாதிரி ஏதாவது செய்துவிட்டு ஜெயிலுக்குப் போய்விடுவாரோ என்று பயந்தேன் அம்மா."

தோழர்களே, நமக்கு வாய் அடைத்துவிட்டது. தகப்பன் மகளுக்காக எதையும் செய்வான் என்பதை உயர்ந்த அன்பென்று கொட்டகையில் கைதட்டுகிறோம். அந்த அன்பே ஒரு பெண்ணுக்கு, மிரட்டுகிறவனைக் காட்டிலும் பெரிய பயமாய்ப் போயிற்று! ஸ்டேஷனுக்குக் கூடப் போனோம். அங்கிருந்தவர் முதலில் கேட்ட கேள்வி, "படம் எடுக்கிற அளவுக்கு ஏன் இடம் கொடுத்தாய்?" என்பது. துணைவியார், "ஐயா, அவள் புகார் கொடுக்க வந்திருக்கிறாள், பதில் சொல்ல வரவில்லை" என்றார்கள். புகாரை எழுத்தில் கொடுத்தோம். மறுத்தால் மேலதிகாரிக்குத் தபாலில் அனுப்புவோம் என்றோம். பிறகு பதிவு செய்தார்கள், செல்போனைக் கைப்பற்றினார்கள். அந்தப் பெண் இன்று படிப்பை முடித்து வேலைக்குப் போகிறாள். அவள் தகப்பனார் ஒருவரையும் கொல்லவில்லை. ஒரு குழியும் தோண்டவில்லை. விஷயம் தெரிந்தவுடன் அவர் மகள் தலையில் கை வைத்து, "நீ என்ன தப்புச் செய்தாய்?" என்று ஒரே வார்த்தை கேட்டார். எந்தக் கதாநாயகனும் அவருக்கு ஈடல்ல என்பது நமது எண்ணம்.

சினிமாவில் தகப்பன் ஜெயித்தான் என்று நினைக்கிறீர்களா? 2022ல் வந்த இரண்டாம் பாகத்தைப் பாருங்கள். அந்த மூத்த பெண் பயத்தினால் வலிப்பு நோயாளியாய் நிற்கிறாள். வீட்டில் எவர் வந்து கதவைத் தட்டினாலும் நடுக்கம். ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒரு குடும்பம் வருஷக்கணக்காய்க் காவல் கிடக்கிறது. இதே கதையை 2019ல் சீனர்கள் எடுத்தபோது, கடைசியில் தகப்பன் தானே போய்க் குற்றத்தை ஒப்புக்கொள்வதாய் மாற்றிவிட்டார்கள். எது சரியென்று நீங்கள் யோசித்துக் கொள்ளுங்கள். நம்மைக் கேட்டால், தகப்பன் பிடிபட வேண்டுமா, தப்ப வேண்டுமா என்பதல்ல கேள்வி. ஒளிக்க வேண்டிய அவசியமே ஒரு பெண்ணுக்கு ஏன் வந்தது என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியை எந்தப் பாஷைப் படமும் கேட்கவில்லை.

முடிவாக

ஆகவே தோழர்களே, "திருஷ்யம்" பார்க்கத் தகுந்ததா என்றால், தகுந்தது என்றே சொல்லுகிறோம். இந்தியில்தான் பார்க்க வேண்டுமென்பதில்லை. தமிழிலும் இருக்கிறது, மலையாளத்திலும் இருக்கிறது. தனியாய்ப் பார்க்காதீர்கள். வீட்டாரோடு, முக்கியமாகப் பெண் மக்களோடு உட்கார்ந்து பாருங்கள். கண்டக்டர் சாட்சி சொல்லுகிற இடத்தில், "நாம் கண்ணாலே கண்டோம் என்று சொல்லிக்கொண்டு திரிவதில் எத்தனை இப்படிச் செருகப்பட்டது?" என்று உங்களையே கேட்டுக் கொள்ளுங்கள். குழந்தையை அடிக்கிற இடத்தில், "நம் ஊர் ஸ்டேஷனில் என்ன நடக்கிறது?" என்று கேட்டுக் கொள்ளுங்கள். அந்தப் பையன் செல்போனைக் காட்டுகிற இடம் வந்தவுடன் படத்தைக் கொஞ்சம் நிறுத்துங்கள். நிறுத்திவிட்டு உங்கள் மகளிடம், "அம்மா, இப்படி யாராவது உன்னிடம் வந்தால் அன்றைக்கே எங்களிடம் சொல்லு. வெட்கப்பட வேண்டியவன் அவன். நாங்கள் உன் பக்கம்" என்று சொல்லுங்கள். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181 என்ற டெலிபோன் எண்களையும் சொல்லி வையுங்கள். அதற்கப்புறம் படத்தை ஓட்டுங்கள்.

பெண் மக்களுக்கு மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். பக்கத்தில் மகனும் உட்கார்ந்திருப்பான். செத்துப்போன அந்தப் பையனும் ஒரு வீட்டில் செல்லமாய் வளர்ந்தவன்தான். செல்போனை அவன் கையில் கொடுத்தவர்கள், அடுத்தவளுடைய அந்தரங்கம் அவளுக்குச் சொந்தம் என்ற ஒரு பாடத்தைக் கொடுக்கவில்லை. அந்தப் பாடத்தை உங்கள் மகனுக்கு நீங்கள் கொடுங்கள். அது கொடுக்கப்பட்ட வீடுகளில் இந்தக் கதைக்கு வேலையில்லை.

நாம் சொன்னதில் பிசகிருந்தால் எழுந்து கேளுங்கள். நமது தமக்கையார் கேட்டது போல் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டோம்.